முதல் மீன் அம்மனுக்கு

எல்லையம்மன் துணை.

1

நெட்டுக்குப்பத்திலும் அக்கம்பக்கத்துக் குப்பங்களிலும் இருக்கிற நம் சனங்களுக்கு ஏழுமலை எழுதுவது. நான் நார்வே நாட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. என் தம்பி தேசிங்கு போய்ச் சேர்ந்து பத்து வருஷம். இந்த மாதம் அவனுடைய திதி வந்தது.

திதி அன்றைக்குத் தேசிங்கின் மனைவி கஸ்தூரிக்கு நான் போன் செய்வது வழக்கம். படையலுக்கு என்ன வைத்தாய், காக்கா வந்து எடுத்ததா என்று கேட்பேன். அவள் திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். பிள்ளை இல்லை. வியாபாரம், மழை, முட்டிவலி என்று ஏதாவது சொல்வாள். அவளிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பேசி போனை வைத்துவிடுவேன். ஒன்பது திதி அப்படிப் போயிற்று. பத்தாவதில் சொல்லிவிட்டேன். சொல்ல வைத்தது ஒரு மீன் தொட்டி. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

வந்த புதிதில் மீன் கம்பெனியில் வெட்டுகிற வேலை. மூன்று வருஷத்தில் தோள்பட்டை போய்விட்டது. பிறகு இங்குள்ள பல்கலைக்கழகத்தில் மீன் அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். மீன் தெரியுமா என்றார்கள். எனக்கு வேறென்ன தெரியும்?

ஆனால் அவர்கள் காட்டிய மீனை நான் பார்த்ததில்லை. உடம்பில் நீலக் கோடு கோடாகப் போட்ட சின்ன மீன். நெத்திலி பக்கத்தில் வைத்தால் நெத்திலி பெரியாளாகத் தெரியும். ஆராய்ச்சிக்கு என்றே வளர்க்கிறார்கள். அந்த அறையில் தண்ணீர் எப்போதும் இருபத்தெட்டு டிகிரியில் இருக்க வேண்டும். வெளியே பனி கொட்டும், மழை கொட்டும். கதவைத் திறந்து உள்ளே போனால் எண்ணூர்க் காற்று மாதிரி வெதுவெதுப்பு முகத்தில் அடிக்கும். இந்த ஊரில் எனக்கு ஊர்ச்சூடு கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். அதனாலேயே தினம் அரைமணி நேரம் முன்னால் போய்விடுவேன். ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டிவிட்டு, சட்டைப்பையில் இருக்கிற அம்மன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு விளக்கைப் போடுவேன். வெளிச்சம் வந்ததும் மீன்கள் முட்டை போட ஆரம்பிக்கும்.

மூன்றாம் நாள் குஞ்சு வந்துவிடும். எறும்பு நீளம்கூடத் தேறாது, உடம்பு கண்ணாடி. தாடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இதயம் துடிப்பது வெளியிலிருந்தே தெரியும். கத்தி வைக்க வேண்டாம். அந்த இதயத்தைப் படம் பிடித்து அளப்பதுதான் அங்கே நடக்கிற வேலை. அளப்பவள் இங்க்ரிட் என்கிற பெண். என் மகளுக்கு அக்கா வயசுதான் இருக்கும். என்னை 'எலு' என்று கூப்பிடுவாள். ஏழுமலை இவர்கள் வாயில் நுழையவில்லை.

ஒரு மருந்து இதயத்தைக் கெடுக்குமா கெடுக்காதா என்று பார்ப்பது அவளுடைய வேலை. சில கிண்ணங்களில் மருந்து கலந்த தண்ணீர், சிலவற்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் குஞ்சுகள் நீந்தும். நான் மெல்லிய குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்துக் கொடுப்பேன். அவள் மயக்கம் கொடுத்து, கூழ் மாதிரி ஒன்றில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மைக்ராஸ்கோப்பில் பொருத்திய கேமராவால் பத்து நொடி படம் எடுப்பாள். பிறகு கம்ப்யூட்டரில் அதை மெதுவாக ஓடவிடுவாள். இதயம் விரிந்து நிற்கும்போது ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு, சுருங்கி நிற்கும்போது ஒரு கோடு. ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் தெரிந்துவிடும். நல்ல இதயம் கை மூடித் திறப்பது போல இருக்கும். கெட்டுப்போன இதயம் மூடவே மூடாது. பை மாதிரி சும்மா ஆடிக்கொண்டிருக்கும்.

படம் எடுத்த குஞ்சை அன்றைக்கே முடித்துவிடுவார்கள். படம் மட்டும் இருக்கும். போன வருஷம் செத்த மீனின் இதயம், கம்ப்யூட்டரைத் திறந்தால் இன்றைக்கும் அடிக்கிறது. அப்படி ஒரு படத்தை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருந்தேன்.

3

அது ராயபுரத்தில். எனக்கு விசா வந்துவிட்டது. கிளம்பப் பத்து நாள் இருந்தது. தேசிங்குக்குக் கொஞ்ச நாளாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. டோல்கேட் பக்கம் ஒரு டாக்டரிடம் காட்டினோம். இதயத்தை ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். ராயபுரத்தில் ஒரு மாடியில் ஸ்கேன் எடுக்கிற இடம். பாதிப் படியில் தேசிங்கு நின்றுவிட்டான்.

"ண்ணா, படி ஏறங்காட்டியும் நாக்கு தள்ளுது. வயசாயிடுச்சு போலக்கீது."

"முப்பத்திரண்டு வயசுல இன்னாடா வயசு? ஏறு."

"நீ சொல்லுவ. நாளிக்கு ஏரோப்ளேன்ல ஏறப்போறவன்."

உள்ளே அவனைப் படுக்க வைத்து மார்பில் எதையோ தடவி ஒரு கருவியை வைத்து அழுத்தினாள் அங்கே இருந்த பெண். திரையில் சாம்பல் நிறத்தில் ஒன்று ஆடியது. முடிந்ததும் தேசிங்கு துடைத்துக்கொள்ளத் திரைச்சீலைக்குப் பின்னால் போனான். அந்தப் பெண் என்னை மட்டும் கிட்டே கூப்பிட்டாள்.

"நீங்க அண்ணனா? இங்க பாருங்க. இது சுருங்கவே மாட்டேங்குது பாருங்க. ரொம்ப வீக்கா இருக்கு. என்ன வேலை பார்க்கிறார்?"

"கடல்ல. போட்டுல."

"அதெல்லாம் இனிமே கூடவே கூடாது. வலை இழுக்கவே விடாதீங்க. நாளைக்கே பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க. ரிப்போர்ட்ல எழுதியிருக்கு, சிடியில படமும் இருக்கு."

நான் ரிப்போர்ட்டையும் சிடியையும் பைக்குள் வைத்தேன். தேசிங்கு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான்.

"இன்னாண்ணா சொல்லிச்சு அந்தப் பொண்ணு?"

வீட்டில் ஒரே ஒரு ஃபைபர் போட். எங்கள் நைனா கடலுக்குப் போவதை விட்டு வருஷமாகிவிட்டது. நான் போனால் போட்டை ஓட்ட தேசிங்குதான். அவன் ஓட்ட முடியாது என்றால் நான் போக முடியாது. இதெல்லாம் அவன் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் என் மண்டையில் ஓடி முடிந்துவிட்டது.

"ஒண்ணுமில்லடா," என்றேன். "வயித்துல கேஸாம்."

"கேஸா? இத்த சொல்றதுக்கா இம்மாந்துட்டு வாங்குனாங்கோ? நம்ம டீக்கடைக்காரனே ஓசியில சொல்லியிருப்பானே!"

படி இறங்கும்போது முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தான். சிரிப்பிலும் மூச்சு வாங்கியது.

போய்ச் சேர்ந்ததும் பணம் அனுப்பி நல்ல ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லலாம், நாலைந்து மாதம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பவும் செய்தேன். ரிப்போர்ட்டை வீட்டில் வைத்தால் யாராவது படித்துவிடுவார்கள் என்று சிடியோடு சேர்த்து என் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். என் தம்பியின் இதயம் என்னோடு விமானம் ஏறி இந்த ஊருக்கு வந்தது அப்படித்தான்.

4

நான் இங்கே வந்த எட்டாம் மாதம் தேசிங்கு போட்டிலேயே போய்விட்டான். வலையை இழுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே வலை மேலேயே சாய்ந்தானாம். கூடப் போனவர்கள் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குக் குப்பத்தில் ஒரு போட்டும் இறங்கவில்லை.

என்னால் வர முடியவில்லை. இங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். இந்த ஊரில் அதற்குப் போலீஸ் ஆபீசுக்குத்தான் போக வேண்டும். கையில் சீட்டுக்கூட இல்லை, கம்ப்யூட்டரில் ஒரு எண் மட்டும். தம்பி இறந்துவிட்டான் என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரிடம் சொல்லி அழுதேன். அவர் வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு, நீங்கள் போகலாம், திரும்பி வர முடியுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். நான் போகவில்லை. அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அவனை எடுத்ததைப் போனில்தான் பார்த்தேன். யாரோ கையில் பிடித்துக் காட்டினார்கள். படம் நின்று நின்று வந்தது. கஸ்தூரி போனைப் பிடுங்கி என்னிடம், "எதுனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா கடலுக்கே உட்டிருக்க மாட்டேனே மாமா! கேஸுன்னு சொல்லிகினு இருந்தாரே!" என்றாள். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதை விட்டு இறங்கவில்லை. மீன் அறையில் தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்குள் கேட்கும். சில நாள் குளிக்கும்போது குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறேன்.

பிறகு என் மனைவியும் மகள் வடிவும் இங்கே வந்து சேர்ந்தார்கள். வடிவுடையம்மன் பேரைத்தான் அவளுக்கு வைத்தோம். இங்கே பள்ளிக்கூடத்தில் விவி. ஏழு வயதில் வந்தவள், இப்போது பதினைந்து. தமிழ் புரிகிறது, பேசச் சொன்னால் தேடித் தேடிப் பேசுகிறாள். சித்தப்பாவை ஞாபகமிருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டேன். "அவர் என்னைத் தோள்ல வெச்சு ஓடுவாரு. அப்புறம் உக்காந்துடுவாரு," என்றாள்.

5

எங்கள் நைனாவுக்கு ஒரு பழக்கம். வலையில் உயிரோடு வருகிற முதல் மீனைக் கண்ணில் ஒற்றிக் கடலில் விட்டுவிடுவார். வஞ்சிரமே வந்தாலும் சரி. முதல் மீன் அம்மனுக்கு. அதைக் கூடையில் போட்டவன் கரை சேருவது அவள் இஷ்டம் என்பார். நானும் தேசிங்கும் அப்படியே வளர்ந்தோம்.

இங்கே மீன் அறைக்கு வந்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. தினம் இத்தனை உயிரைக் கையால் எடுத்துக் கொடுக்கிறேன், அம்மனுக்கு ஒன்றும் இல்லை. அதனால் ஒவ்வொரு கிண்ணத்திலும் குழாயில் முதலில் வருகிற குஞ்சைத் தனியாக எடுத்துக் கீழ்த்தட்டில் ஒரு சின்னத் தொட்டியில் விட்டேன். இங்க்ரிட்டுக்குக் கிண்ணத்துக்குப் பன்னிரண்டு வேண்டும். கணக்கு குறையக் கூடாதே என்று நான் பதின்மூன்றாக வைப்பேன். யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். தொட்டியில் பாதி செத்துவிடும். பிழைத்தது பிழைத்து நீந்தும். காலையில் அதன் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வேலை ஆரம்பிப்பேன்.

இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. பிறந்து ஐந்து நாள் வரைக்கும் மீன்குஞ்சுக்குக் கணக்கில்லை. ஐந்து நாள் தாண்டிவிட்டால் அது விலங்கு. அதற்குத் தாளில் ஒரு வரி வேண்டும், யார் எதற்காக வளர்க்கிறார்கள் என்று எழுத வேண்டும். போன மாதம் சோதனைக்கு ஒரு அம்மாள் வந்தாள். முட்டி போட்டுக் கீழ்த்தட்டைப் பார்த்தாள். "இவை யாருடையவை?" என்றாள். பேர் ஒட்டாத தொட்டி, உள்ளே பதினேழு மீன், ஒன்றுக்கும் வரி இல்லை.

என்னிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். மூன்று கட்டம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள். வேலைக்கு வேண்டிய பாஷை எனக்கு வரும், அந்தக் கட்டங்களுக்கு வேண்டியது வராது. வீட்டில் வடிவு கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தாள். முதல் கட்டத்தை எழுதிவிட்டாள்.

"ரெண்டாவது ஏன்னு கேட்டிருக்காங்கப்பா."

"முதல் மீன் அம்மனுக்கு. அதை எழுது."

"அப்பா!" என்றாள். "சிரிப்பாங்கப்பா. தெரியாம செஞ்சேன்னு போடறேன். யாரும் கேட்க மாட்டாங்க."

"தெரிஞ்சுதானே செஞ்சேன்?"

"அதனால என்ன? வேலை போயிடும். ஒண்ணுமில்லன்னு போட்டா முடிஞ்சுபோச்சு."

அவள் நல்லதற்குத்தான் சொன்னாள். ஆனால் ஒண்ணுமில்லை என்ற அந்தச் சொல்லை அவள் வாயில் கேட்டதும் எனக்கு ராயபுரத்துப் படிக்கட்டில் நிற்பது போல இருந்தது. "அம்மனுக்குன்னே எழுது கண்ணு," என்றேன். அவள் எழுதினாள். அம்மன் என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

6

தாளைப் படித்துவிட்டு இங்க்ரிட் என்னைக் கூப்பிட்டாள். சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "முதலில் வந்தது என்றால், தேர்ந்தெடுத்ததா? இல்லை, குழாயில் தானாக அகப்பட்டதா?"

"அகப்பட்டது," என்றேன்.

அவள் முகம் மாறியது. மறுநாள் புதிதாக ஆறு கிண்ணம் மருந்துத் தண்ணீர் வைத்தாள். ஆறிலும் முதலில் வருகிற குஞ்சை எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். படம் பிடித்தாள். ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். ஆறில் ஐந்து இதயம் மூடவே இல்லை. பை மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

"குழாய் வரும்போது நல்ல குஞ்சு ஓடிவிடும், எலு," என்றாள். "ஓட முடியாததுதான் முதலில் அகப்படும். மருந்து கெடுத்த குஞ்சுகளை நீ எனக்குத் தராமல் எடுத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் இந்த மருந்து நல்ல மருந்து என்று என் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது."

எத்தனையோ மாதப் படங்களை ஒதுக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றாள். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. வேலை போகவில்லை.

அன்றைக்கு அந்த ஆறு இதயத்துக்கு முன்னால் நின்றபோது என் மனசு நெட்டுக்குப்பத்தில் இருந்தது. சின்ன வயதில் மணலில் பிடித்து விளையாடுவோம். எப்போதும் முதலில் பிடிபடுகிறவன் தேசிங்கு. "ஆமை, ஆமை" என்று கத்துவோம். நான்தான் உரக்கக் கத்துவேன். அவன் மணலில் குந்திக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பான். அப்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது. கண்ணுக்கு எதிரில் இருந்திருக்கிறது.

பெட்டியின் அடியில் பதினோரு வருஷம் கிடந்த சிடியை மறுநாள் எடுத்துப் போனேன். இங்கே இப்போது யாரிடமும் சிடி போடுகிற கம்ப்யூட்டர் இல்லை. இங்க்ரிட் எங்கேயோ தேடிப் பழையது ஒன்றைக் கொண்டுவந்தாள். யாருடையது என்று நான் சொல்லவில்லை. படம் வந்தது. சாம்பல் நிறத்தில் என் தம்பியின் இதயம். அவள் பழக்கத்தில் விரிந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள், சுருங்கிய இடத்தில் ஒரு கோடு போட்டாள். இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன.

"இந்த மனிதர் மாடிப்படி ஏறியிருக்கவே கூடாது," என்றாள். "அவருக்கு யாராவது சொன்னார்களா?"

நான் அம்மன் படத்தைச் சட்டைப்பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "எனக்குச் சொன்னார்கள்," என்றேன்.

அவள் என் போனை வாங்கி அந்தப் படத்தை அதில் ஏற்றிக் கொடுத்தாள்.

7

திதிக்கு முந்தின நாள் கஸ்தூரிக்கு போன் செய்தேன். மார்க்கெட் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா மாமா, நாளிக்கிதானே?"

"நாளைக்குத்தான்மா. ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாத. பேசிட்டா நான் வெச்சுடுவேன்."

படிக்கட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் சொன்னது, நான் கேஸ் என்றது, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்தது, ஏன் எடுத்துக்கொண்டு வந்தேன் என்பது, அவன் நெஞ்சு ஆடுகிற படம் இப்போது என் போனில் இருப்பது. அவள் தெருவில் ஐஸ் வண்டி போகிற சத்தம் போனில் வந்தது.

"இத்தினி வருசம் நீங்க அனுப்புன பணத்துல சோறு துன்னேனே மாமா," என்றாள். "அண்ணன்னா இப்டிதான் இருக்கணும்னு ஊர்பூராச் சொல்லிகினு திரிஞ்சேன்."

"கஸ்தூரி..."

"மன்னிப்பு கேக்காதீங்க. கேட்டா நான் எதுனா சொல்லணும். எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

போன் நின்றுவிட்டது. திதி அன்றைக்குக் காலையில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வேலைக்கு லீவு போட்டிருந்தேன். என் மனைவி படையல் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே இந்த ஊர்க் காக்கா வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

மத்தியானம் ஒரு செய்தி வந்தது. கஸ்தூரிக்கு எழுத வராது, குரலில் அனுப்பியிருந்தாள். "அந்தப் படத்த அனுப்புங்க. அவுரு நெஞ்சு ஆடுதுன்னீங்களே, அத்த."

அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை. ஒரு மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளே கூப்பிட்டாள். "ஏம்மா," என்று ஆரம்பித்தேன்.

"உங்ககிட்ட பேசல. வடிவு வூட்ல கீறாளா? வடிவாண்ட குடுங்க."

வடிவிடம் கொடுத்தேன். அவள் சித்தியோடு பேசி இரண்டு வருஷமிருக்கும். என்ன பேசுவது என்று தெரியாமல் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் தூக்கிப் பிடித்தாள்.

"வடிவு," என்றாள் கஸ்தூரி. குரல் அழுது ஓய்ந்த குரல். "போனை சித்தப்பா போட்டோவாண்ட வெச்சிகீறேன்டி. எல போட்டுக்கீறேன். ஆடிகினே கீறாரு, பத்து எண்றதுக்குள்ள நின்னுடறாரு. நான் மறுக்கா அமுக்க வேண்டிகீது. நின்னு நின்னு பூடறாரு. நிக்காம ஆடிகினே இருக்கறதுக்கு எத்த அமுக்கணும்? உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். சொல்லுடி."

வடிவு என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் போனோடு படையலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"சித்தி, மேல மூணு புள்ளி இருக்கும் பாருங்க... ஆமா, அதைத் தொடுங்க. அவசரம் இல்ல சித்தி. நான் இருக்கேன். இப்ப வட்டமா ஒண்ணு வரும், அதைத் தொடுங்க. தொட்டுட்டீங்களா? இனிமே நிக்காது."